படகு வருமுன் காக்க வேண்டிய உயிர்கள்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்னும் மூன்று தீவுகளின் பெயர்களும் சில ஆண்டுகளுக்கு முன் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டதை வாசகர்கள் அறிவர். 2021 ஆம் ஆண்டு தை மாதத்தில், அத்தீவுகளில் காற்றையும் வெயிலையும் கொண்டு மின்சாரம் ஆக்கும் திட்டத்தை இலங்கை அமைச்சரவை ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கிற்று. இந்தியா அதனை ஆட்சேபித்தது. அவ்வாண்டின் இறுதியில் சீனத் தரப்பு ஒதுங்கிக்கொண்டது. 2022 பங்குனியில் இந்தியாவின் நன்கொடையோடு அத்திட்டம் கைமாறியது. ஆசியாவின் இரு பெரும் வல்லரசுகள் எமது தீவகத்தின் காற்றையும் வெயிலையும் முன்னிட்டு வாதாடின. காற்று எவ்வளவு வீசுகிறது, வெயில் எவ்வளவு எறிக்கிறது என்பவையெல்லாம் அளந்து கணக்கிடப்பட்டன.

ஆனால் அக்காற்றிலும் வெயிலிலும் வாழ்ந்து தேய்கின்ற மக்களின் குருதி அமுக்கம் எவ்வளவு என்பதை வீடு வீடாகச் சென்று அளந்தறிய வேண்டும் என்று எந்த மேடையிலாவது எவராவது முழங்கியதுண்டா? எத்தனையோ தீர்மானங்களை நிறைவேற்றிய எமது அரசியல் மாநாடுகள் இந்த ஒன்றை நிறைவேற்றியதுண்டா? இக்கேள்வியை ஆட்சியாளரை நோக்கி மட்டும் நாம் கேட்கவில்லை. எம்மை நோக்கியும் கேட்கிறோம்.

இலங்கையில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை தொற்றாத நோய்களால் விளைபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அரசாங்க வைத்தியசாலைகளில் உயிர் பறிக்கும் நோய்களுள் இதயக் குருதிக் குழாய் அடைப்பே பல்லாண்டுகளாக முதலிடம் வகித்து வந்திருக்கிறது. ஒரு காலத்தில் மலேரியா எமது மக்களைக் கொன்று குவித்தது. வீடு வீடாகச் சென்று வேலை செய்த ஊழியர்களின் உழைப்பால் 2016 புரட்டாதியில் இந்நாடு மலேரியா அற்ற நாடு எனச் சான்று பெற்றது. நுளம்பை வென்ற நாடு மாரடைப்பிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. அத்தோல்வியின் கொடுமை மற்றெவ்விடத்தினும் கடல் சூழ்ந்த ஊர்களிலேயே மிகுதியாக உணரப்படும்.

கடலும் கடிகாரமும்

காரணத்தைச் சற்று விரித்துரைப்போம். இதயம் என்பது இடையறாது உழைக்கும் ஒரு தசை. அத்தசைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிந்து தடிக்கிறது. ஒரு நாள் அப்படிவு வெடிக்கிறது. அவ்விடத்தே குருதி உறைந்து குழாயை அடைக்கிறது. அந்தக் கணம் முதல் இதயத் தசை குருதியின்றிச் சாகத் தொடங்குகிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தும் உண்டு. குழாயின் ஊடே கம்பி செலுத்தி அடைப்பைத் திறக்கும் சிகிச்சையும் உண்டு. இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்றே: முந்தினால் உயிர், பிந்தினால் பயனில்லை. முதல் ஓரிரு மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சைக்கும் அரை நாள் கழித்துக் கிடைக்கும் சிகிச்சைக்கும் இடையிலுள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இனி நெடுந்தீவுக்கு வருவோம். அங்கிருந்து குறிகட்டுவான் துறைக்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு மணி நேரம். துறையிலிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாண நகரை அடைய முப்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழி. இது கடல் அமைதியாகவும் படகு ஆயத்தமாகவும் இருக்கும் பகற்பொழுதின் கணக்கு. சோளகம் சீறும் நாளில், வாடை குமுறும் மாரி இரவில் கணக்கு வேறு. 2016 இல் தென்பகுதியில் தொடங்கி 2018 ஆடியில் வட மாகாணத்துக்கும் வந்து சேர்ந்த ‘1990’ அம்புலன்ஸ் சேவை நன்றிக்குரியது. ஆயினும் அம்புலன்ஸ் வண்டிக்குச் சில்லுகள் உண்டு, துடுப்புகள் இல்லை. அது குறிகட்டுவான் துறையில் நின்று கடலைப் பார்த்துக் காத்திருக்க மட்டுமே கூடும்.

இதற்கு மேல் மனிதர் தாமே சேர்க்கும் தாமதம் ஒன்றுண்டு. நெஞ்சு நோகிறது, இடக்கை உளைகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. வீட்டார் சொல்வது என்ன? “வாய்வு பிடித்திருக்கிறது, கொஞ்சம் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள்.” விடியட்டும் பார்ப்போம் என்று படுத்தவர்களுள் விடியலைக் காணாதவர் எத்தனை பேர் என்பதை ஊருக்கு ஊர் மூத்தோரைக் கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வர்.

எனவேதான் தீவக மக்கள் விரைவுப் படகு கேட்கின்றனர், வைத்தியர் கேட்கின்றனர், கருவிகள் கேட்கின்றனர். இக்கோரிக்கைகள் அனைத்தும் நியாயமானவை. அவற்றின் பின்னால் நாம் நிற்கிறோம். ஆனால் இதனோடு அமைந்துவிடுவது பெருந்தவறு. எவ்வளவு விரைவான படகாயினும், மாரடைப்பு வந்தபின் ஓடுகின்ற படகே அது. முப்பது ஆண்டுகளாக ஓசையின்றி வளர்ந்த நோயை ஒரு மணி நேர ஓட்டத்தில் முந்திவிடலாம் என்று எண்ணுவது வெள்ளம் தலைக்கு மேல் போனபின் அணை கட்ட மண் தேடுவதாகும்.

பணக்காரர் நோயா?

‘இது நெய்யும் இறைச்சியும் உண்டு சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருப்போரின் நோய், வலையிழுத்தும் மண்வெட்டி பிடித்தும் வாழ்பவனை அணுகாது’ என்னும் நம்பிக்கை எம்மிடையே இன்னும் வேரறவில்லை. இது பழைய கதை. பொய்யாகிப் போன கதை.

1959 ஆம் ஆண்டிலேயே டாக்டர் டி. ஜே. தனராஜும் அவர்தம் கூட்டாளிகளும் சிங்கப்பூரின் பிணப் பரிசோதனைப் பதிவேடுகளை ஆராய்ந்து ஓருண்மையை வெளியிட்டனர். ஒரே நகரில் வாழ்ந்த சீனரைக் காட்டிலும் இந்திய வம்சாவளியினரிடையே இதயக் குழாய் நோய் பன்மடங்கு மிகுந்திருந்தது. பின்னர் 2004 இல், 52 நாடுகளில் நடத்தப்பெற்ற பேராய்வு ஒன்று வெளிவந்தது. முதன்முறை மாரடைப்பு வருவதற்கான இடரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஒன்பது காரணங்களே விளைவிக்கின்றன என அது கண்டது. புகையிலை, குருதிக் கொழுப்பு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலசைவின்மை ஆகியன அவ்வொன்பதில் அடங்குவன. தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், ஏனையோருக்கு அது ஏறத்தாழ 59 இல் வருகிறது என்றும் அதே ஆய்வின் தொடர்ச்சி 2007 இல் உரைத்தது. ஆறு ஆண்டுகள் முந்திவிடுகிறது. மகளுக்கு மணம் முடித்து, மகனை ஆளாக்கி நிமிர வேண்டிய வயதில் குடும்பத்தலைவன் சாய்கிறான்.

தீவக மக்களின் வாழ்வில் இவ்வொன்பதும் எப்படி வந்து குடியேறின என்பதைக் காண ஆராய்ச்சிசாலை வேண்டுவதில்லை. குரக்கனும் சாமையும் ஒடியற்கூழும் உண்ட ஊரில் இன்று மூன்று வேளையும் வெள்ளை அரிசியும் கோதுமை மாவும். கால்நடையாகவும் வள்ளத்திலும் உழைத்த உடலுக்கு இன்று மோட்டார் சைக்கிளும் வெளியிணைப்பு இயந்திரமும். காய்கறி பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டும். வந்து சேரும்போது வாடியும் விலையேறியும் இருக்கும். சீனியும் பிஸ்கற்றும் மென்பானமும் மட்டும் எக்காலத்தும் வாடுவதில்லை. தேநீர்க் கடையில் ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. சுருட்டுப் புகையிலை விளைவித்துப் பேர்பெற்ற மண் வேலணை மண். அப்புகையிலையை வெற்றிலையோடு வாயில் அடக்கிக்கொள்வதைப் புகைத்தலாக எவரும் எண்ணுவதில்லை. ஆனால் வாய்ப் புகையிலையும் மாரடைப்பின் இடரைக் கூட்டுகிறது என்றே ஆய்வுகள் கூறுகின்றன.

மன அழுத்தத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? 1990, 1991 ஆம் ஆண்டுகளில் போர் தீவகத்தைத் துடைத்தெடுத்தது. ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோரின் பிள்ளைகள் பலர் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும். பெரிய வீட்டில் முதிய தாயும் தந்தையும் தனியே. நெஞ்சு நொந்தால் அழைப்பதற்கு அடுத்த வீட்டிலும் ஆளில்லை.

உப்பும் நீரும்

இவையனைத்தினும் மேலாக நாம் வற்புறுத்த விரும்புவது உப்பைப் பற்றியது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. இலங்கையர் சராசரியாக உண்பது ஏறத்தாழ எட்டுக் கிராம். கருவாடும் ஊறுகாயும் மோர் மிளகாயும் இல்லாமல் சோறு இறங்காத தீவகத்தில் அது குறைவாக இருக்கும் என்று நம்ப ஒரு நியாயமும் இல்லை. மிகையான உப்பு குருதி அமுக்கத்தை உயர்த்துகிறது. உயர் குருதி அமுக்கம் குழாய்களைச் சிதைக்கிறது. மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் அதுவே தலைவாயில். அதற்கு நோவில்லை, காய்ச்சலில்லை, அறிகுறியில்லை. அளந்தாலன்றித் தெரியாது. இந்நாட்டில் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது உண்டென்பது 2021 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு கண்ட உண்மை.

உணவின் உப்பு எம் கையில். நீரின் உப்பு யார் கையில்? தீவகத்தில் ஆறில்லை. சுண்ணக் கல்லின் மீது மெல்லிய நன்னீர்ப் படலம். அதன் கீழ் கடல். மழை பொய்த்தாலோ, மோட்டார் வைத்து மிகையாக இறைத்தாலோ கிணறு உவர்த்துவிடும். வங்காளதேசத்தின் கரையோரத்தே, குல்னா மாவட்டத்தில், உவர்நீர் குடித்த கருவுற்ற பெண்களிடையே குருதி அமுக்கக் கோளாறுகள் மிகுந்திருந்ததை 2011 இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. அங்கே கண்டது இங்கேயும் அப்படியே இருக்கும் என்று நாம் சாதிக்கவில்லை. இங்கே அளந்து பார்க்க வேண்டும் என்றே சொல்கிறோம். கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் தீவுகளுக்கு வந்திருக்கின்றன, நல்லது. அந்த நீர் எத்தனை வீட்டின் அடுப்பங்கரை வரை செல்கிறது, எத்தனை வீட்டில் உலை வைப்பது இன்னும் கிணற்றுநீரில் என்பதைப் பிரதேச சபைகள் கணக்கெடுக்கட்டும். கிணற்றுநீரைச் சோதிப்போர் அதன் சோடியத்தையும் சோதித்து, முடிவைச் சனசமூக நிலையத்தின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டட்டும்.

பிறர் செய்து காட்டினர்

இது ஆகக்கூடிய காரியமா என்று ஐயுறுவோருக்குப் பின்லாந்து விடை கூறுகிறது. அந்நாட்டின் கிழக்கெல்லையில் வட கரேலியா என்றொரு மாகாணம். காடு வெட்டியும் மாடு வளர்த்தும் வாழ்ந்த ஏழை உழைப்பாளிகளின் நாடு அது. ஆயினும் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மாண்ட வீதத்தில் உலகில் முன்னின்றது. 1971 இல் அம்மாகாணத்தின் ஆளுநரும் மக்கள் பிரதிநிதிகளும் சங்கங்களும் ஒன்றுகூடி அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். “எம் ஆண்கள் மாள்வதைத் தடுக்க வழி செய்யுங்கள்” என்பதே அதன் சாரம். 1972 இல் பேக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் பணி தொடங்கிற்று. அவர் பெரிய வைத்தியசாலை கட்டப் புறப்படவில்லை. மாதர் சங்கங்களைக் கூட்டிக் கொழுப்பும் உப்பும் குறைந்த சமையலைப் பரப்பினார். வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய் வந்தது. பால் விற்று வாழ்ந்த கமக்காரருட் சிலர் பழச் செடிக்கு மாறினர். குருதி அமுக்கம் அளந்து பதிவு செய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது.

பின்லாந்து பணக்கார நாடு என்பீராயின் இன்னும் அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் முப்பது கிராமப்புறச் சமுதாயங்களில், உயர் குருதி அமுக்கமுடைய இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2020 இல் வெளியாயிற்று. செய்தது இவ்வளவே: ஊரிலுள்ள சுகாதார ஊழியர்கள் பயிற்சி பெற்று, வீட்டுக்குச் சென்று அமுக்கம் அளந்து, உணவும் மருந்தும் பற்றி எடுத்துச் சொல்லி, அமுக்கம் அடங்காதோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டுகளின் முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றோரைக் காட்டிலும் இவர்களின் மேல் அமுக்கம் ஐந்து அலகு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஐந்து என்பது சிறு எண் என எள்ள வேண்டாம். அந்த ஐந்து அலகு குறைந்தால் மாரடைப்பும் பாரிசவாதமும் போன்ற பெருங்கேடுகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என 2021 இல் வெளியான பேராய்வு கணித்திருக்கிறது.

செய்ய வேண்டுவன

எமது கோரிக்கைகளை இனித் தெளிவாக வைக்கிறோம்.

முதலாவது, முப்பத்தைந்து வயது கடந்த ஒவ்வொருவரின் குருதி அமுக்கமும் ஆண்டுக்கு இருமுறை அவரவர் வீட்டிலேயே அளக்கப்பட வேண்டும். 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அங்கே செல்வோர் பெண்களும் ஓய்ந்திருப்போருமே. கடலுக்குப் போகிறவன் காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்க மாட்டான். அவன் கரையேறும் துறைக்கு அளவுகருவி போக வேண்டும். ஊர் இளைஞரையும் யுவதிகளையும் பயிற்றி, சிறு ஊதியம் கொடுத்து இப்பணியில் அமர்த்தலாம். நெடுந்தீவு போன்ற சிறு சனத்தொகையுள்ள தீவில் ஒருவர் விடாது அளந்து முடிப்பது சில வாரங்களின் வேலை.

இரண்டாவது, மருந்து தடைப்படக் கூடாது. இந்நோய்க்குரிய குளிகைகள் மலிவானவை. ஆனால் நாள்தோறும் விழுங்கினால் மட்டுமே பயன் தருபவை. மாதந்தோறும் கிளினிக்குக்கு வா என்பது நகரத்தானுக்கு எளிது. மாரியில் தீவானுக்கு அரிது. 2020 இல் ஊரடங்கு வேளையில் தபாற்காரர் கையில் கிளினிக் மருந்துகள் வீடு தேடிச் சென்றதை நாடு கண்டது. அன்று முடிந்தது என்றும் முடியும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு என்ன செய்யும் என்பதையும் கண்டோம். ஆகவே மாரி தொடங்குமுன்னரே மூன்று மாத மருந்து ஒவ்வொரு நோயாளர் கையிலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வந்துவிட்ட மாரடைப்புக்கும் ஆயத்தம் வேண்டும். தீவு வைத்தியசாலைகளில் இதய மின்பதிவுக் கருவியும், அப்பதிவைத் தொலைபேசி வழியே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் இதய நிபுணருக்குக் காட்டும் ஒழுங்கும், அவர் சொற்படி உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைக் கடல் கடக்குமுன்னரே ஏற்றும் வசதியும் இரவு பகலாக இருத்தல் வேண்டும். நெஞ்சு நோவை வாய்வென்று எண்ணிப் படுக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு பாடசாலைப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, இவையெல்லாம் மக்கள் மொழியில் நடைபெற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அம்மரபுக்கு உரியவர்களாகிய நாம் மருந்துப் பையின் மேல் ஆங்கிலக் குறியெழுதி முதியவர் கையில் கொடுத்தனுப்புவது வெட்கத்துக்குரியது.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பர். தீவக மக்கள் உலகெங்கும் சங்கம் அமைத்து ஊருக்கு அள்ளிக் கொடுக்கின்றனர். கோபுரத் திருப்பணிக்கு நீளும் கையை நாம் குறைகூற மாட்டோம். அதே கை ஓர் அளவுகருவிக்கும் ஓர் ஊழியரின் மாதச் சம்பளத்துக்கும் நீளட்டும் என்கிறோம். ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் உற்சவத்துக்குப் பல்லாயிரவர் கூடுகின்றனர். அன்னதானம் தடையின்றி நடக்கிறது. அந்தப் பந்தியில் உப்பும் எண்ணெயும் சற்றுக் குறையட்டும்; அந்த வீதியில் ஒரு மேசை போட்டு அமுக்கம் அளக்கட்டும். தேவாலயத் திருவிழாக்களிலும் அவ்வாறே ஆகட்டும்.

உரிமையும் உயிரும்

‘தமிழினத்தின் உரிமைப் பிரச்சினை தீராதிருக்க உப்பையும் குளிகையையும் பேசுகிறீர்களே’ என்று எம்மைக் கடிவோரும் உளர். அவர்களுக்குச் சொல்வோம்: 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் மாகாணங்களுக்குப் பகிர்ந்தளித்த அதிகாரங்களுள் சுகாதாரமும் ஒன்று. 2018 ஐப்பசியில் வட மாகாண சபையின் ஆயுட்காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. தீவகத்துக்கு எத்தகைய சுகாதாரத் திட்டம் வேண்டும் என்பதைத் தீவகத்தை அறிந்தோர் தீர்மானிக்கும் அதிகாரமே நாம் கேட்கும் உரிமையின் ஒரு கூறு. ஆகவே இது உரிமையை விட்டு விலகிய பேச்சன்று. ஆயினும் அதிகாரம் கைக்கு வரும்வரை கைகட்டி நிற்பதும் தகாது. அமுக்கம் அளப்பதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. வாக்குக் கேட்டு எல்லா வீட்டுப் படலையும் திறந்து நுழையத் தெரிந்த எமது கட்சித் தொண்டர்களுக்கு இன்னொரு முறை அதே படலையைத் திறப்பது முடியாத காரியமன்று.

வட கரேலிய மக்கள் ஒரு விண்ணப்பத்தோடு தொடங்கினர். நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளும், கூட்டுறவுச் சங்கங்களும், கடற்றொழிலாளர் சங்கங்களும், மாதர் சங்கங்களும் ஒன்றுகூடி அத்தகைய விண்ணப்பம் ஒன்றை இவ்வாண்டே எழுதட்டும். படகும் கேளுங்கள், படகு தேவைப்படாத நெஞ்சையும் கேளுங்கள். அவ்விண்ணப்பம் எழுதப்படும் நாளில் அதனை முதற்பக்கத்தில் வெளியிட நாம் காத்திருக்கிறோம்.